கல்லாப் பெருந்தகை

வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், ஒரு தேநீர்க்கடையின் உள்சுவரில், ஒரு பெரியவர் எழுந்தருளியிருக்கிறார். குறுக்களவு 43 அங்குலம். இரவு பகல் பார்க்காமல் விழித்திருப்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி வேலைக்கு நடுவில் ‘அப்டேட் பண்ணட்டுமா, இப்பவா, ராத்திரிக்கா’ என்று நச்சரித்ததில்லை. கற்றது போதும் என்று ஒருநாள் முடிவெடுத்தார். அன்றிலிருந்து ஓரெழுத்துகூடக் கூடுதலாகக் கற்றதில்லை. அந்த நிறைவு நமக்கெல்லாம் எந்த வயதில் வரப்போகிறது? அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவன். போன மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அவர் காலடியில்தான் கழித்தேன்.

கடைக்காரர்கள் அவரை ‘போர்டு’ என்பார்கள். விற்கிறவர்கள் ‘டிஜிட்டல் சைனேஜ்’ என்பார்கள். பார்வைக்கு டிவி. முதுகுக்குள் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பிரவுசர். அது ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். மொத்த வித்தையும் அவ்வளவுதான். ஆஸ்பத்திரி டோக்கன் எண்ணோ, ஓட்டல் மெனுவோ, கல்யாண மண்டபத்து வாசலில் மணமக்கள் பெயரோ, பல இடங்களில் நீங்கள் அண்ணாந்து பார்ப்பது இப்படி ஒரு பிரவுசரைத்தான். அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

கடை அண்ணாச்சியுடையது. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து போணக்காட்டுத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தோட்டம் ஓய்ந்தபிறகு குடும்பம் மலையிறங்கி இங்கே கடை போட்டது. அண்ணாச்சி மலையாளத்தில் கணக்குப் போடுவார், தமிழில் திட்டுவார். நாகர்கோயில், மார்த்தாண்டத்திலிருந்து வேன் பிடித்து வரும் கூட்டம் கடையில் கால் வைத்ததும் மூன்று கேள்வி கேட்கும்: மேலே திறந்திருக்கா, மழை உண்டா, சாப்பிட என்ன இருக்கு. பலத்த மழை என்றால் மேலே விடமாட்டார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் மண் சரியும் என்று மலைக்குத்தான் தெரியும்.

“ஒரு நாளைக்கு எரநூறு தடவ இதையே சொல்லுகேன் தம்பி. இனி போர்டு சொல்லட்டும்” என்றார் அண்ணாச்சி. சொல்லட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். மலையாளத்திலும் தமிழிலும் பக்கம் தயாரானது. இடப்பக்கம் வானிலை, வலப்பக்கம் மெனு, கீழே பஸ் நேரம். என் லேப்டாப்பில் அழகாக ஓடியது, என் போனில் ஓடியது, அண்ணாச்சி மகளின் போனிலும் ஓடியது. பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு கணம் யோசித்தார். பிறகு தும்பைப்பூ நிறத்தில் வெள்ளையானார்.

அப்படியே நின்றார்.

லேப்டாப்பைக் கேபிளில் கட்டி உள்ளே எட்டிப் பார்த்தேன். சிவப்பில் ஒரே ஒரு வரி: சின்டாக்ஸ் எரர், அன்எக்ஸ்பெக்டட் டோக்கன், புள்ளி. எதிர்பாராத இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறதாம். இங்கேதான் பெரியவரின் புலமை எனக்கு விளங்க ஆரம்பித்தது.

ஜாவாஸ்கிரிப்டில் 2020-லிருந்து ஒரு வசதி இருக்கிறது. கேள்விக்குறியையும் புள்ளியையும் ஒட்டி எழுதினால், ‘இருந்தால் கொடு, இல்லாவிட்டால் பரவாயில்லை’ என்று பொருள். வானிலைத் தகவல் வந்திருந்தால் அதில் மழையளவை எடு, வராவிட்டால் சண்டை போடாமல் நகர்ந்துபோ. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிற மாதிரியான ஏற்பாடு. குரோம் பிரவுசரில் இது 80-ஆம் பதிப்பில் வந்தது. அண்ணாச்சி கடைப் பெரியவரின் பதிப்பு 52. கேள்வி கேட்டுவிட்டு உடனே முற்றுப்புள்ளி வைப்பது என்ன பழக்கம், எந்த ஆசிரியரிடம் படித்தாய் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தானே? கடை வாசலில் நின்றால் மேகம் விலகும் நாளில் அகஸ்தியர்கூடத்தின் திசையில் மலைகள் தெரியும். 1,868 மீட்டர் உயரத்தில், தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று மரபு சொல்லும் முனிவர் வீற்றிருக்கும் மலை. அந்த அடிவாரத்தில் ஒருவர் குறிப்பிழையைப் பொறுத்துக்கொண்டு போய்விட்டால் ஊருக்கே அவமானம்.

பிழை இருந்தது ஓரிடத்தில். ஆயிரத்துச் சொச்சம் வரியில் ஒரு வரி. மற்ற வரிகளை ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். அது நம் போன்ற சமரசவாதிகளின் புத்தி. பெரியவர் நக்கீரர் பரம்பரை. ஒரு சொல்லில் குற்றம் கண்டால் சுவடியை மூடிவிடுவார், கவிதை முழுவதும் தள்ளுபடி, தருமிக்குப் பொற்கிழி கிடையாது. சிவபெருமானே வந்து சொன்னாலும் அவ்வளவுதான். நானும் ரிமோட்டை எடுத்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, நெற்றிக்கண்ணைத் தவிர எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டேன்.

அவருடைய வயதைத் தெரிந்துகொள்ள மெய்க்கீர்த்தியைப் படித்தேன். சோழர் கல்வெட்டில் தானத்தைச் சொல்வதற்கு முன்னால் அரசன் வென்ற நாடுகளையெல்லாம் வரிசையாகப் பாடிவிட்டுத்தானே விஷயத்துக்கு வருவார்கள்? பிரவுசர்களும் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அப்படித்தான் தம்மை அறிவித்துக்கொள்ளும். மொசில்லா, ஆப்பிள் வெப்கிட், கெக்கோ போன்றவன், குரோம், சஃபாரி. தான் எதுவோ அதோடு தான் அல்லாத பெயர்களையும் சேர்த்துச் சொல்லும். ஒருகாலத்தில் மொசில்லா என்று சொன்னால்தான் நல்ல பக்கத்தைக் கொடுப்பார்கள் என்பதால் எல்லோரும் மொசில்லா ஆனார்கள். அந்தப் பொய் இன்றுவரை முதல் வார்த்தையாக நிற்கிறது. நம் பெரியவரின் மெய்க்கீர்த்தியில் உண்மையான செய்தி அந்த ‘குரோம் 52’ ஒன்றுதான். 2016 ஜூலை 20 அன்று வெளியான பதிப்பு. ‘கபாலி’ தியேட்டருக்கு வந்தது ஜூலை 22.

எண்ணிப் பார்க்கிறேன், என்ன பொற்காலம் அது! ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லும். ஜிஎஸ்டி என்றால் யாரோ ஒருவரின் இனிஷியல் என்று நினைத்திருப்போம். தமிழ்நாட்டில் ஜெயலலிதா முதலமைச்சர். அகஸ்தியமலையை யுனெஸ்கோ தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்ததும் அதே 2016-தான். ஆக இந்த வட்டாரத்தில் மனிதக் கை படாமல் பாதுகாக்கப்படுகிற 2016-ஆம் ஆண்டுப் பகுதிகள் இரண்டு. ஒன்று காடு, மற்றது அண்ணாச்சியின் சுவரில் இருக்கிறது. காட்டுக்குள் போகவாவது அனுமதிச் சீட்டு உண்டு.

இப்படி ஒருவரை உருவாக்குவது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண போனில் இந்தக் கட்டுப்பாடு வராது. ஆண்ட்ராய்டு 5-லிருந்து உள்ளிருக்கும் வெப்வியூ என்கிற பிரவுசர் பாகம் பிளே ஸ்டோர் வழியாகத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. மலிவான சைனேஜ் பெட்டிகள் அந்தத் தீய பழக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. பிளே ஸ்டோரே இல்லாமல் வளர்க்கிறார்கள். நான் ஒரு புதிய வெப்வியூவைப் பென்டிரைவில் எடுத்துப் போய்க் கெஞ்சினேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பெட்டி திருப்பிக் கொடுத்தது. அது டிஜிட்டல் கையெழுத்து; பெட்டியைச் செய்தவர் போட்டால்தான் செல்லும். பத்திர ஆபீஸில் பத்து வருஷம் வேலை பார்த்தவருக்குக்கூட அவ்வளவு கறார் வராது.

பெட்டியை விற்றவருக்குப் போன் போட்டேன். தங்கமான மனிதர். முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஹார்டுவேர் பக்கா சார். அம்பதாயிரம் மணி நேரம் ஓடும்.”

“ஓடுது. பிரவுசர்தான் பழசு. அப்டேட் ஏதாவது இருக்கா?”

“இருக்கு சார். புது மாடல்.”

இதைவிடச் சுருக்கமாக ஒரு தொழிலின் தத்துவத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. உடம்புக்கு ஐம்பதாயிரம் மணி நேரம். விடாமல் எரிந்தாலும் ஐந்தரை வருஷத்துக்கு மேல் வரும். மூளைக்கு, தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றே திவசம். ஆன்மா அழியாது, உடல்தான் அழியும் என்று பெரியவர்கள் சொன்னதை ஒரு பெட்டி இவ்வளவு துணிச்சலாகத் தலைகீழாக்கிக் காட்டியிருக்கிறது.

மலிவுப் பெட்டிதான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய வீட்டுப் பிள்ளைகளும் வளர்ப்பில் குறைந்தவர்கள் அல்ல. டிவிக் கம்பெனிகள் தங்கள் புரோகிராமர்களுக்காக வெளியிடும் அட்டவணையைப் பார்த்தால் கண் பனிக்கும். 2016-ல் கடைக்கு வந்த எல்ஜியின் வெப்ஓஎஸ் 3-ல் இருந்தது குரோமியம் 38, அதாவது 2014 அக்டோபர்ச் சரக்கு. 2018-ல் வந்த வெப்ஓஎஸ் 4-ல் 53, அது 2016-ஐச் சேர்ந்தது. 2020-ன் வெப்ஓஎஸ் 5-ல் 68, அது 2018. சாம்சங்கின் டைசன் 3 டிவிகள் 2017-ல் வந்தன. உள்ளே 2015 டிசம்பரின் 47. பெட்டியைப் பிரிக்கும்போதே குழந்தைக்கு ஒன்றரை இரண்டு வயது, பல் முளைத்திருக்கும். பிறகு வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமானாலும் அதே மழலைதான். 2024-ல் இந்த இரண்டு கம்பெனிகளும் திடீரென்று ஒருவர் ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை, மற்றவர் ஏழு ஆண்டுகள் வரை, விற்ற டிவிக்கும் புதிய பதிப்பு தருவோம் என்று அறிவித்து நல்ல மரபைக் கெடுக்கப் பார்த்தார்கள். அறிவிப்பு வீட்டு டிவிகளுக்கு என்பதால் கடைச் சுவர்கள் மூச்சுவிட்டன. அந்தப் பக்கம் குரோம், 2021-லிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதிப்பு போட்டு 140-ஐயும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பத்திரிகைகூட இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. அத்தனை அவசரம் ஒரு நல்ல குடும்பத்துப் பிரவுசருக்கு அழகா?

வாங்குகிறவர்களையும் வாழ்த்த வேண்டும். போர்டு வாங்கும் டெண்டர் தாள்கள் சில என் கையில் வந்திருக்கின்றன. எத்தனை அங்குலம், எத்தனை நிட் வெளிச்சம், எத்தனை எச்டிஎம்ஐ துளை, விளிம்பு எத்தனை மில்லிமீட்டர், சுவரில் மாட்டும் கம்பிக்கு என்ன பூச்சு என்று பொண்ணுபார்க்கப் போன பெரியம்மா மாதிரி எல்லாம் கேட்டிருப்பார்கள். உள்ளே எந்த பிரவுசர், அதை யார் எத்தனை வருஷம் புதுப்பிப்பார் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதெல்லாம் கேட்பது மரியாதையாக இருக்காது. ஔவையார் அதியமானுக்காகத் தூது போனபோது தொண்டைமானின் ஆயுதச்சாலையைச் சுற்றிப் பார்த்து, எவ்வளவு பளபளப்பு, எவ்வளவு அலங்காரம் என்று வாயாரப் பாராட்டினாராம். புறநானூற்றில் இருக்கிறது. அந்தப் பாராட்டுக்குள் ஒரு ஊசி இருந்தது என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி உள்ளர்த்தம் வைத்துப் பேசத் தெரியாது. 43 அங்குலம், அதில் ஒரு கீறல் கிடையாது.

இன்னொரு பெட்டி வாங்கி எச்டிஎம்ஐ-யில் செருகிவிட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “நாப்பதாயிரம் குடுத்து ஆனை வாங்கியாச்சு. இனி அது நடக்கதுக்கு ஒரு சைக்கிளும் வாங்கணுமோ?”

ஆகவே நான்தான் இறங்கிப் போனேன். பேபல் என்று ஒரு கருவி இருக்கிறது. இன்றைய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய நடைக்குப் பெயர்த்துக் கொடுக்கும். அந்தக் கேள்விப்புள்ளி போய் அதன் இடத்தில் அரைப் பக்கத்துக்கு ‘உண்டெனில், அஃது இல்லெனில்’ என்று விரியும். நான் எழுதிய புதுக்கவிதை உரைநூலாகத் திரும்பி வந்தது. பெரியவர் வாசித்தார். பக்கம் வந்தது.

வந்தது, ஆனால் என் விருப்பப்படி அல்ல. இடம் வலம் என்று பிரிக்க நான் பயன்படுத்திய கிரிட் அமைப்பு 2017 மார்ச்சில் 57-ஆம் பதிப்பில் வந்த சங்கதி. பெரியவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேதத்தையே அவர் ஏற்கவில்லை. கேரளத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வானிலை, புட்டு, கடலைக்கறி, நெடுமங்காடு பஸ், சாயா, ஈரப்பதம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டார். பெவரேஜஸ் மதுக்கடை வாசலில் மட்டும்தான் அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்திருக்கிறேன். கீழே இருந்த பஸ் நேரம் திரைக்கு வெளியே போய்விட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாமல் ரோட்டைப் பார்த்தார்கள். ரோட்டில்தான் பஸ் வரும்.

அவருடைய மொழிப்பற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலையாளத்தில் சில்லு எழுத்துகள் உண்டு: நம் ர், ன், ல் போலச் உயிரில்லாமல் நிற்கும் ஒற்றுகள், அவற்றுக்குத் தனி வடிவம். கம்ப்யூட்டரில் இவற்றுக்குத் தனி இடம் வேண்டுமா, வேண்டாமா என்று மலையாளிகள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2008-ல் யூனிகோட் 5.1 தனி இடம் கொடுத்தது. பெட்டியில் இருந்த மலையாள எழுத்துருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. சில்லு வரும் இடத்திலெல்லாம் ஒரு காலிக் கட்டம் போட்டது.

பொன்முடி ஏறும் வழியில் முதலில் வருவது கல்லார். ஆற்றங்கரை, பாறை, குளிக்கிற கூட்டம். திரையில் ர் போய்க் கட்டம் வந்ததில் அது ‘கல்லா’ ஆனது, பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி. மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒருவர், மலையாள எழுத்து தெரிந்தவர், சத்தமாக வாசித்துவிட்டு அண்ணாச்சியின் பணப்பெட்டியைப் பார்த்தார். “கல்லா காலின்னு போர்டுலேயே போட்டுட்டீரே அண்ணாச்சி.” கடையே சிரித்தது. ‘கல்லா’ என்றால் படிக்காத என்றும் பொருள் உண்டே என்று எனக்கு உறைத்தது வீட்டுக்குத் திரும்பும்போதுதான். பெரியவர் தன்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டாரோ? அடுத்த வரியில் அகஸ்தியர்கூடம். அதிலும் ர் போய்க் கட்டம். அகஸ்திய, கட்டம், கூடம். கடலைக் குடித்த முனிவரின் மரியாதை விகுதியை உருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பி அதைச் சரி செய்தேன். அண்ணாச்சிக்கு வருத்தம்தான், சிரித்த கூட்டம் ரெண்டாவது சாயா சொல்லியிருந்தது.

ஓட்டையும் உடைசலுமாக ஒருவழியாக ஓடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. வித்துரா மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மரக்கிளை கம்பியில் விழும், கரண்ட் போகும், வரும், போகும். ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் பெரியவர் புத்தம் புதிதாகக் கண் விழிப்பார். பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது; அந்தப் பத்து ரூபாய்ச் செலவை மிச்சம் பிடித்த மகராசன் யாரோ நன்றாக இருக்கட்டும். கடிகாரம் இல்லாதபோது பெட்டிகள் பலவும் கணினி யுகத்தின் ஆதிக்குத் திரும்பும். 1970 ஜனவரி 1, நம் நேரப்படி விடியற்காலை ஐந்தரை. சரியான நேரத்தை இணையத்தில் கேட்டு வாங்க வேண்டும். இவர் கேட்கும் சர்வர் எந்தக் கண்டத்திலோ பதில் சொல்லாமல் கிடக்கிறது. ஆகப் பெரியவர் 1970-லேயே தங்கிவிடுவார். ‘மாட்டுக்கார வேலன்’ வெளியாக இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. எம்ஜிஆர் ரசிகர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

1970-ல் இருப்பவரிடம் போய், பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றை நீட்டினால் என்ன சொல்வார்? ஒவ்வொரு தளத்துக்கும் இந்த தேதியிலிருந்து இந்த தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. இது இன்னும் ஐம்பத்தைந்து வருஷம் கழித்துத்தானே செல்லுபடியாகும், இப்போதே கொண்டுவந்து நீட்டுகிறாயே, என்ன மோசடி என்று கதவைச் சாத்திவிடுவார். வெள்ளைத் திரை. யாரையும் எளிதில் நம்பாத குணம். இதே குணத்தால் 2021 செப்டம்பர் 30 அன்று உலகம் முழுக்கப் பல பழைய டிவிகளும் பெட்டிகளும் ஒரே நாளில் விழித்து நின்றன: லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்கு அதுவரை பிணை நின்ற பழைய மூலச் சான்றிதழ் அன்று காலாவதியானது, புதிய பிணையாளியின் பெயர் அவற்றின் பட்டியலில் இல்லை. முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடக்கூடாது என்று நம் பாட்டிகளும் சொல்லி வளர்த்தார்கள்.

அதே பெரியவர், கள்வன் விஷயத்தில் தாராள மனசுக்காரர். 2016-க்குப் பிறகு பிரவுசரில் கண்டுபிடித்து அடைத்த பாதுகாப்பு ஓட்டைகள் ஒன்றையும் அவர் அடைக்கவில்லை. வீட்டுக்காரனுக்குக் கதவு சாத்தினாலும் புழக்கடை எப்போதும் திறந்திருக்கும். பழைய பிரவுசர்களுக்கு ஊன்றுகோலாக, அவர்களுக்குத் தெரியாத வித்தைகளை அவ்வப்போது வாயில் ஊட்டிவிடும் நிரல்கள் உண்டு, பாலிஃபில் என்பார்கள். அதை இலவசமாக வழங்கிவந்த ஒரு தளம் 2024-ல் கைமாறியது. அந்த ஆண்டு ஜூனில் பார்த்தால் ஊன்றுகோலுக்குள் விஷம், லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை வாசலில் வைத்திருந்தன. கிழவருக்குக் கை கொடுக்கப் போனவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். நல்லவேளை, எனக்கு அந்த தளத்தின் நினைவு வரவில்லை. என் சோம்பல் என்னைக் காப்பாற்றியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

இந்த மாதிரிப் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைத் தென்கொரியாவில் ஒருவர் செய்துவிட்டார். அந்த நாட்டில் வங்கி வேலையெல்லாம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் நடக்கும் என்று வருஷக்கணக்கில் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கு ஓய்வு கொடுத்தபோது, ஜுங் கீ-யங் என்ற மென்பொறியாளர் 4,30,000 வோன் செலவழித்துக் கல்லறைக்கல் ஒன்று செய்து, கியோங்ஜு நகரில் தன் சகோதரரின் காப்பிக்கடையில் நட்டார். மற்ற பிரவுசர்களை டவுன்லோட் செய்ய இவர் நல்ல கருவியாக இருந்தார் என்று கல்லில் பொறித்திருந்தது. ஔவையின் கலை கொரியா வரை போயிருக்கிறது. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். “கல்லுக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டார். அவர் கேட்ட தோரணையில் பெரியவருக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது என்று தெரிந்தது.

வித்துராவிலேயே, கடையிலிருந்து பார்த்தால் கண்ணெட்டும் தூரத்தில், மருதமலையில் ஐசர் இருக்கிறது. நம் கோயமுத்தூர் மருதமலை இல்லை, இது வேறு. 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் அறிவியல் நிறுவனம். மலையின் அந்தப் பக்கம் நாளைய உலகத்தைத் தேடுகிறார்கள், இந்தப் பக்கம் ஒருவர் 1970-க்கும் 2016-க்கும் நடுவில் கரண்டைப் பொறுத்துப் போய் வருகிறார். விஞ்ஞானிகள் சாயா குடிக்க வரும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம்.

போன ஞாயிறு நான் போனபோது மழை நின்றபாடில்லை. மேலே மூடிவிட்டார்கள் என்று செய்தி. கரண்ட் போய் வந்திருந்தது. பெரியவர் ஜனவரி முதல் தேதியில், வெள்ளை வெளேரென்று, நூல் பிசகாமல் 43 அங்குலமும் ஒரே வெளிச்சமாக நின்றார். அதன் நடுவில் ஒரு காகிதம். அண்ணாச்சியின் மகள் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் ஸ்கெட்ச் பேனாவால் மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதி, நாலு மூலையிலும் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தாள். பொன்முடி இன்று கிடையாது. கல்லார் வரை போகலாம். புட்டு உண்டு, தோசை தீர்ந்தது. கல்லாருக்கு முழு ர் இருந்தது.

கடைக்குள் இருட்டு. மழை இருட்டில் சுவரில் இருந்த காலண்டர்கூடத் தெரியவில்லை. ஆனால் தாளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்ததால் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று ரோட்டிலிருந்தே படிக்கத் தெரிந்தது. நாகர்கோயில் வேன் ஒன்று வாசலில் நின்று, ஆள் இறங்காமல், வாசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அண்ணாச்சி சாயா ஆற்றிக்கொண்டே திரையைக் காட்டினார். “இப்பந்தான் தம்பி, போர்டு வேலை செய்யுகு. கொஞ்சம் வெளிச்சம் கூட்டி வைக்க ஒக்குமா?”

ரிமோட்டில் அமுக்கினேன். மெனு உடனே திறந்தது.